இரண்டேகால் வயதுப் பையன், ஐப்பசியில் அடுத்த பிள்ளை: காரைக்குடியில் டபுள் ஸ்ட்ரோலர் சரிப்படுமா?

செக்காலை வள்ளி

எல்லோருக்கும் வணக்கம். மூத்தவனுக்கு இரண்டேகால் வயது, 12 கிலோ. அடுத்தது ஐப்பசியில் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் சிங்கப்பூரில், தை மாதம்தான் லீவு. வீட்டில் நானும் மாமியாரும், அவருக்கு முழங்கால் வலி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆகாது. சாயங்காலம் பையனை வெளியே கூட்டிப் போகாவிட்டால் வீட்டில் ஒரு சாமான் மிஞ்சாது. இப்போது இருப்பது சாதாரண ஒற்றை ஸ்ட்ரோலர். பத்தடி நடப்பான், ஏறி உட்காருவான், மறுபடி இறங்குவான்.

இரண்டு பேரையும் ஒன்றாகத் தள்ளுகிற வண்டி பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற மாதிரி ஒன்று, முன்னும் பின்னுமாக ஒன்று, ஒற்றையாக வாங்கி அப்புறம் இன்னொரு சீட் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒன்று. விலையும் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் ஆரம்பித்து லட்சத்தைத் தாண்டிப் போகிறது. நம் ஊர்ப் பக்கம் யாராவது உண்மையிலேயே டபுள் வைத்துத் தள்ளியிருக்கிறீர்களா? கார் வேகன் ஆர், கேஸ் டேங்க் போட்டது. கடைக்காரர் பேச்சு நிறையக் கேட்டாயிற்று, வைத்திருந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை சிகப்பி

வள்ளி, நான் சிங்கப்பூரில் இருந்தபோது பக்கத்துப் பக்கத்து சீட் வண்டி வைத்திருந்தேன், ஊரோடு திரும்பியபோது அதையும் சாமானோடு கொண்டுவந்தோம், அதனால் இரண்டு ஊரிலும் அதைத் தள்ளிப் பார்த்தவள் என்று வைத்துக்கொள். அங்கே அது தங்கம். லிஃப்ட், சரிவுப் பாதை எல்லாம் இருக்கும், 2017இல் இருந்து விரித்த ஸ்ட்ரோலரோடு பஸ்ஸிலேயே ஏறவிடுகிறார்கள் (டபுளுக்கு இடம் இருக்குமா என்பது கூட்டத்தைப் பொறுத்தது). பிள்ளைகள் இருவருக்கும் ஒரே காட்சி, பெரியவள் சின்னவனின் விரலைப் பிடித்துக்கொண்டே வருவாள், சண்டையும் போடுவாள், அது வேறு. இரண்டு சீட்டையும் தனித்தனியாகச் சாய்க்கலாம் என்பதுதான் பெரிய வசதி, ஒருவர் தூங்க மற்றவர் நிமிர்ந்து உட்காரலாம்.

இங்கே? நம் செட்டிநாட்டுத் தெருக்கள் நேராக, அகலமாகப் போட்டவைதான், அதில் குறை இல்லை. ஆனால் ஓரத்தில் சாக்கடை மூடிய கல் பலகை, அதன் மேல் நிறுத்திய பைக், எதிரே மினி லாரி. வண்டியை நடுத்தெருவில்தான் தள்ள வேண்டியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்து வண்டி பெரும்பாலும் 74 முதல் 76 செ.மீ. அகலம். எங்கள் வீட்டுத் தலைவாசலில் அது தாராளமாக நுழையும், அதற்கு முன்னால் இருக்கிற படிகளில் யார் ஏற்றுவது? வண்டி மட்டுமே 14 கிலோ. அதனால் அது திண்ணையிலேயே குடியிருக்கிறது. வாங்கு, வாங்காதே என்று சொல்லவில்லை, முதலில் டேப்பை எடுத்து உன் வீட்டுக் கேட்டையும் டிக்கியையும் அளந்துவிட்டு வா, மிச்சத்தை அப்புறம் பேசலாம்.

கல்லல்காரன்

எங்கள் ஆத்தா ஏழு பிள்ளை வளர்த்தது, ஒரு வண்டியும் கிடையாது. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. இப்போது எல்லாவற்றுக்கும் வண்டி.

தேவகோட்டை சிகப்பி

கல்லல் அண்ணே, அந்த ஏழு பிள்ளையையும் உங்கள் ஆத்தா மட்டுமா தூக்கினார்கள்? வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, ஒவ்வொரு அறையிலும் ஒரு புள்ளி (ஒரு குடும்பம்) இருந்தது, அப்பத்தா, சின்னாத்தா, கல்யாணமாகாத நாத்தனார், வேலைக்கு வந்தவர்கள் என்று ஆள் மாற்றி ஆள் தூக்கினார்கள். வள்ளி வீட்டில் இரண்டே பேர், அதில் ஒருவருக்கு முழங்கால் வலி. வண்டி அந்த ஆட்களின் இடத்துக்குத்தான் வருகிறது.

கல்லல்காரன்

சரி ஆச்சி, அதுவும் நியாயம்தான்.

புதுவயல் நர்ஸ்

அகலம், டிக்கி எல்லாம் பேசுங்கள், அதற்கு முன் ஒன்று. பிறந்த பிள்ளை படுக்கிற சீட் கிட்டத்தட்ட மட்டமாகச் சாய வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே இல்லை. பச்சைப் பிள்ளைக்குத் தலை கனம், கழுத்து நிற்காது, நிமிர்ந்த சீட்டில் தூங்கினால் தாடை மார்பில் போய் அழுந்தி மூச்சுப் பாதை மடங்கிவிடும், சத்தம்கூட வராது. ஸ்ட்ரோலர்களுக்கான ஐரோப்பியத் தர விதி இ.என். 1888 என்று ஒன்று உண்டு, அதில் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கான சீட்டில் முதுகுப் பகுதி 150 டிகிரிக்குக் குறையாமல் சாய வேண்டும் என்று இருக்கிறது. பெட்டி மேல் "பிறந்தது முதல்" என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாமல் கடையிலேயே சாய்த்துப் பாருங்கள். முன்னும் பின்னுமான வண்டிகளில் பல சமயம் பின் சீட்தான் முழுக்கச் சாயும், முன் சீட் பாதிதான். அப்படியானால் சின்னது பின்னால், பெரியவன் முன்னால்.

பெல்ட் ஐந்து முனையாக இருக்கட்டும், தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவே ஒன்று. இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள வண்டியில் இரண்டு வயதுப் பையன் எழுந்து நிற்க எவ்வளவு நேரமாகும் என்று வள்ளிக்கே தெரியும்.

இன்னொன்று. சிசேரியன் ஆகிவிட்டால் ஆறு வாரத்துக்குப் பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதே என்றுதான் பொதுவாகச் சொல்வோம். 14 கிலோ வண்டியை மடக்கி டிக்கியில் வைப்பது அந்தக் கணக்கில் வராது. அந்த ஆறு வாரத்தில் தூக்கி வைக்க ஆள் உண்டா என்பதையும் யோசியுங்கள்.

செக்காலை வள்ளி

அளந்துவிட்டேன். கேட்டின் ஒரு கதவைத் திறந்தால் 70 செ.மீ., இரண்டையும் திறந்தால் தாராளம், ஆனால் இரண்டாவது கதவின் தாழ்ப்பாள் தரையில் இறங்கித் துருப்பிடித்துக் கிடக்கிறது, குனிந்து பிடுங்கினால்தான் வரும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அதை நான் தினமும் செய்ய முடியாது. டிக்கியைப் பற்றிக் கேட்காதீர்கள். வேகன் ஆரில் 341 லிட்டர் என்று பெருமையாகப் போட்டிருப்பான், கேஸ் டேங்க் உட்கார்ந்த பிறகு அதில் இரண்டு துணிப் பை வைக்கலாம். ஸ்ட்ரோலர் பின் சீட்டைப் படுக்கவைத்தால்தான் போகும், அப்புறம் பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது?

புதுவயல் அக்கா, சாய்க்கிற விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் பார்த்து வைத்திருந்ததில் ஒன்று அப்படிச் சாயவில்லை, அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

கானாடுகாத்தான் மெய்யம்மை

கேட் 70 என்றால் பக்கத்துப் பக்கத்து வண்டி கதை முடிந்தது. முன்னும் பின்னுமான வண்டி என்னிடம் இருந்தது, இப்போது தங்கை வீட்டில் இருக்கிறது. அகலத்தில் அது ஒற்றை வண்டிக்குக் கிட்டத்தட்டச் சமம், கடைக்குள், மருந்துக் கடைக் கூண்டுக்குள், டாக்டர் வீட்டு வராந்தாவில் எல்லாம் போகும். ஆனால் நீளம். திரும்புவதற்கு எதிர்த்த வீட்டு வாசல் வரை இடம் வேண்டும். படியோ மேடோ வந்தால் கைப்பிடியை அழுத்தி முன் சக்கரத்தைத் தூக்க வேண்டும் இல்லையா, முன்னால் 12 கிலோ உட்கார்ந்திருந்தால் அது தூக்குவது இல்லை, போராட்டம். எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து வளவுக்குப் போகிற நிலைப்படி முழங்கால் பாதி உயரம், அதைத் தாண்டி உள்ளே கொண்டுபோக நினைக்கவே இல்லை. ஆத்தங்குடிக் கல் போட்ட தரையில் சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடும், பார்க்க ஆசையாக இருக்கும், அந்தத் தரைக்குப் போவதற்குள்தான் பாடு.

கவிழ்வதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பெரியவன் முன்னால் இருக்கிற வரை வண்டி சமமாக நிற்கும், அவன் இறங்கின நிமிடம் பின்னால் பிள்ளையும் கைப்பிடியில் தொங்குகிற காய்கறிப் பையும்தான் எடை, வண்டி பின்பக்கம் மல்லாந்துவிடும். சந்தையிலிருந்து வரும்போது கைப்பிடியில் பை மாட்டாத தாய் யார்? அதனால் பையைக் கீழே இருக்கிற கூடையில் போடுங்கள், பெரியவனை இறக்கும்போது ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுக்காதீர்கள். அப்புறம் பின்னால் இருப்பவர் முன் சீட்டை உதைப்பார், அதற்கு மருந்தே இல்லை.

மேலே ஒரு சீட், கீழே ஒரு சீட் என்று மாடி வண்டியும் வருகிறது, லட்சக் கணக்கு. கீழே இருக்கிற பிள்ளைக்குத் தெரிவது மேல் சீட்டின் அடிப்பாகமும் தெருப் புழுதியும்தான், காற்றும் குறைவு. நம் வெயிலுக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

பர்மா காலனி அப்பா

வெயில் என்று வந்ததால் சொல்கிறேன். வண்டிக்கு மேல் சேலையோ துண்டோ போட்டு மூடிக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். நிழல் என்று நினைக்கிறார்கள், உள்ளே காற்று நின்று சூடு ஏறுகிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்து 2023இல் வெளியிட்டிருந்தார்கள், மெல்லிய உலர்ந்த துணியால் மூடினாலே உள்ளே இரண்டரை டிகிரி போலக் கூடியிருக்கிறது, அதே துணியை நனைத்துப் போட்டுச் சின்ன விசிறி ஒன்றும் மாட்டினால் ஐந்து டிகிரி வரை குறைந்திருக்கிறது. துணி காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும், அதை மறந்தால் பழைய கதை. சித்திரை, வைகாசியில் நாலரைக்கு முன் பச்சைப் பிள்ளையை வெளியே எடுக்காமலிருப்பதே நல்லது என்பது என் கட்சி. வண்டி வாங்கும்போது கூரைத் துணியில் வலை ஜன்னல் இருக்கிறதா, முதுகுப் பக்கம் காற்றுப் போகிறதா என்று பாருங்கள். கறுப்பு வேண்டாம்.

நாங்கள் டபுள் வாங்கவில்லை. ஒற்றை வண்டியின் பின்னால் நிற்கும் பலகை ஒன்று மாட்டினோம், சின்ன இரண்டு சக்கரத்தோடு வரும், பக்கி போர்டு என்று தேடினால் கிடைக்கும். பெரியவள் அதில் நின்றுகொண்டு வந்தாள், நினைத்தால் ஏறுவாள், நினைத்தால் குதிப்பாள். வள்ளி பையன் பத்தடிக்கு ஒரு தரம் இறங்குகிறான் என்றால் அவனுக்கு இது பொருந்தும். பெரும்பாலானவை 20 கிலோ வரை தாங்கும்.

கோட்டையூர் இரட்டையர் அம்மா

பலகையில் தூங்க முடியாது அண்ணா, அதுதான் அதன் ஓட்டை. ஆறு மணிக்குக் கண் சொக்குகிற பிள்ளையை நிற்கவைத்துத் தள்ள முடியுமா? தள்ளுகிறவர் கால் முட்டியும் பலகையில் இடிக்கும், குனிந்த வாக்கில்தான் நடக்க வேண்டும்.

எனக்கு இரட்டைப் பிள்ளைகள், அதனால் டபுள் தவிர வழியில்லை. ஆனால் வள்ளி, உன் கணக்கு வேறு. இரட்டையருக்கு மூன்று வருஷம் உழைக்கிற வண்டி உனக்கு ஒன்றரை வருஷம்தான். நிறைய வண்டிகளில் ஒரு சீட்டுக்கு 15 கிலோதான் அளவு. ஆண் பிள்ளை மூன்று வயதில் சராசரி 14 கிலோவைத் தாண்டுகிறான், நாலில் 16. உன் பையன் அதற்கு முன்னாலேயே "நான் பாப்பா இல்லை" என்று இறங்கிவிடுவான். 22 கிலோ தாங்குகிற சீட்டும் உண்டு, விலை ஏறும்.

சைக்கிள்கடை முத்து

நான் பிள்ளை வண்டி விற்பவன் இல்லை, ரிப்பேருக்கு வருவதைப் பார்க்கிறவன். எல்லோரும் சீட்டைப் பார்க்கிறீர்கள், சக்கரத்தை யாரும் பார்ப்பதில்லை. நாலு அங்குல பிளாஸ்டிக் சக்கரம் மாலுக்குள் ஓடுவதற்குச் செய்தது. நம் செம்மண்ணில், சரளையில் இரண்டு பிள்ளை எடையோடு அது நடுங்கும், முன் சக்கரம் பக்கவாட்டில் திரும்பி நின்றுவிடும். குறைந்தது ஏழெட்டு அங்குலமாவது வேண்டும், பின் சக்கரம் அதைவிடப் பெரிதாக இருந்தால் நல்லது.

காற்று அடிக்கிற டயர் வண்டி நன்றாகத்தான் ஓடும், குலுங்காது. ஆனால் தெருவெங்கும் சீமைக் கருவேல முள். செருப்பைத் துளைக்கிற முள் டியூபை விடுமா? பஞ்சர் ஒட்ட என்னிடம் வரலாம், பிள்ளைகளோடு பாதி வழியில் நிற்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். ஃபோம் நிரப்பின டயர் என்றால் அந்தத் தொல்லை இல்லை, கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். காற்று டயர்தான் வேண்டும் என்றால் அளவைப் பார்த்து வாங்குங்கள், பல வண்டியில் 12½ × 2¼ வரும், அது பிள்ளைகள் சைக்கிள் டியூப், எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். வேறு விசித்திர அளவு என்றால் டியூபுக்குச் சென்னைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பழையசாமான் பிரியன்

பழையது வாங்கலாமே? ஒன்றரை வருஷத்துக்குத்தானே. வெளிநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் எத்தனை பேர் வீட்டில் சும்மா நிற்கிறது.

தேவகோட்டை சிகப்பி

என் வீட்டுத் திண்ணையைச் சொல்கிறாயா தம்பி?

புதுவயல் நர்ஸ்

பழையது வாங்கலாம், ஆனால் வண்டி மடங்குகிற மூட்டு எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். மக்லாரன் என்ற பிரிட்டிஷ் கம்பெனி தெரியுமா, ஓவன் மக்லாரன் என்ற விமானப் பொறியாளர் 1965இல் குடை மாதிரி மடங்குகிற முதல் வண்டியை வடிவமைத்தார், இன்று நாம் மடக்கித் தூக்குகிற வண்டிக்கெல்லாம் முன்னோடி அது. அதே கம்பெனி 2009இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் பத்து லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. விரிக்கும்போது மூட்டில் பிள்ளை விரல் சிக்கி நுனி துண்டான சம்பவங்கள் 12 பதிவாகியிருந்தன. மூட்டின் மேல் போட்டு மூட உறை கொடுத்தார்கள். கைமாறி வருகிற வண்டியில் அப்படி உறை இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் இரண்டு வயதுப் பையன் பக்கத்தில் இருக்கவே கூடாது, எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் சரி. உதவி செய்கிறேன் என்று வருவான் பாருங்கள், அங்கேதான் ஆபத்து.

பெல்ட் பக்கிள் ஒரு கையால் இழுத்தால் கழன்றுவிடுகிறதா, பிரேக் போட்டு 12 கிலோ வைத்துச் சரிவில் விட்டால் நிற்கிறதா, இவ்வளவும் பாருங்கள்.

கானாடுகாத்தான் மெய்யம்மை

வள்ளி எங்கெல்லாம் போவாள் என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. பிள்ளையார்பட்டிக்குக் கொண்டுபோனால் வண்டி வாசலோடு சரி, கூட்டத்தில் வரிசைக்குள் தள்ள முடியாது. குன்றக்குடிக்குப் படி. டவுன் பஸ்ஸில் 2021இல் இருந்து நமக்கு டிக்கெட் இல்லை, ஆனால் படி உயரம் அப்படியேதான் இருக்கிறது, மடக்கின டபுளைத் தூக்கிப் போட ஆள் வேண்டும். பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனால் நடைபாதையில் விரித்துத் தள்ள முடியாது, மேலே வைக்கவும் இடம் பற்றாது. ஸ்கூட்டியில் போவதென்றால் வண்டிப் பேச்சுக்கே இடமில்லை.

இத்தனைக்கும் பிள்ளையை மார்போடு கட்டுகிற கேரியர்தான் உதவும். சின்னது மார்பில், பெரியவன் உன்னிடம் ஏற்கனவே இருக்கிற ஒற்றை வண்டியில். நான் டபுள் வைத்துக்கொண்டே பாதி இடத்துக்கு அப்படித்தான் போனேன்.

புதுவயல் நர்ஸ்

ஆமாம், அது நல்ல யோசனை. கேரியரில் பிள்ளை முகம் எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தலையைக் குனிந்து முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும், தாடைக்கும் மார்புக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியாவது வேண்டும், முதுகு வளையாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். சிசேரியன் என்றால் தையல் மேல் பட்டை அழுந்தாதபடி டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். புழுக்கத்தில் இருவருக்கும் வேர்க்கும், பருத்தித் துணியாகப் பாருங்கள்.

செக்காலை வள்ளி

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாமியாரோடு உட்கார்ந்து எங்கெல்லாம் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதினோம். தினமும் என்றால் தெருமுனை வரை, சில நாள் பல்கலைக்கழகப் பக்கம், வாரத்தில் ஒரு நாள் கொப்புடையம்மன் கோயில், தடுப்பூசிக்கு ஆட்டோ. இதில் டபுள் நிம்மதியாக ஓடுவது பல்கலைக்கழகப் பக்கம் ஒன்றுதான், அங்கேதான் நல்ல சாலை, மர நிழல்.

அதனால் புதிதாக டபுள் வாங்கவில்லை. கேரியர் ஒன்று வாங்குகிறேன், ஒற்றை வண்டிக்குப் பலகை மாட்ட முடியுமா என்று பார்க்கிறேன். சின்னது முதல் ஆறு மாதம் போல மார்பில், பெரியவன் சீட்டில். கழுத்து நின்று, உட்கார ஆரம்பித்த பிறகு சின்னது சீட்டுக்கு, அவன் பலகைக்கு. வீட்டுக்காரர் தை மாதம் வரும்போது சிங்கப்பூரிலிருந்து பழைய டபுள் ஏதாவது கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றார், நான் வேண்டாம் என்றுவிட்டேன், கேட் கதவு அவரோடு பேசட்டும்.

ஒரு சந்தேகம் மட்டும். என் வண்டியின் பின் சட்டம் உருண்டையாக இல்லை, நீள்வட்டமாக இருக்கிறது. பலகை மாட்டுமா?

பர்மா காலனி அப்பா

சில பலகைகளுக்குப் பட்டை வைத்த கிளிப் வருகிறது, அது எந்த வடிவத்திலும் இறுகும். உருளைப் பிடி வருகிற மாடலை வாங்காதீர்கள். பின் அச்சுக்கு நடுவே நீளக் கம்பி ஓடுகிற வண்டியா என்றும் பாருங்கள், சில வண்டியில் கூடை தொங்குகிற கம்பி இடித்துக்கொண்டு பலகை மேலே மடங்காது.

கோட்டையூர் இரட்டையர் அம்மா

பையன் தூங்கிவிட்டால்?

செக்காலை வள்ளி

தூங்கினால் அவன் சீட்டில், சின்னது மறுபடி மார்பில். கேரியரை வண்டிக் கூடையிலேயே போட்டு வைக்கப்போகிறேன்.

சைக்கிள்கடை முத்து

தங்கச்சி, பலகை வாங்கினதும் வண்டியோடு கடைக்குக் கொண்டுவா. பலகையில் பிள்ளை நின்றால் எடை முழுக்கப் பின் அச்சில் விழும், உன் வண்டிப் பின் சக்கரத்துப் பூட்டு ஆணி பிளாஸ்டிக்காக இருந்தால் அதற்குத் தாங்காது. இரும்பு ஆணியும் வாஷரும் போட்டுக்கொடுக்கிறேன். பிரேக்கையும் பார்த்துவிடலாம், இப்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கிற பிரேக்காக இருந்தால் பலகை மாட்டாதே.